முன்னுரை, முடிவுரையைத் தாண்டி: பிள்ளைகளுக்குக் கதையும் விளக்கமும் எழுதக் கற்றுக்கொடுத்தல்

தமிழ்நாட்டில் ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படிக்கும் பிள்ளையிடம் 'மரம் வளர்ப்போம்' என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். முன்னுரை என்று எழுதி அடிக்கோடு போடும். 'மரங்கள் நமக்குப் பல நன்மைகளைத் தருகின்றன' என்று தொடங்கும். நடுவில் இரண்டு மூன்று உள்தலைப்புகள். கடைசியில் முடிவுரை: 'எனவே நாம் அனைவரும் மரம் வளர்ப்போம், வளம் பெறுவோம்.' பிழை அதிகம் இருக்காது, மதிப்பெண்ணும் வந்துவிடும். அதே பிள்ளையிடம், 'வேப்ப மரத்து நிழல் குளுகுளுன்னு இருக்கு, தகரக் கொட்டகையும் நிழல்தானே, அது ஏன் அப்படி இல்ல?' என்று கேளுங்கள். கொஞ்சம் யோசிக்கும், பேசும், பக்கத்தில் இருப்பவனோடு வாதாடவும் செய்யும். 'சரி, இதை எழுது' என்றால் மறுபடியும் முன்னுரையில் போய் நிற்கும்.

இந்த இடைவெளிக்குக் காரணம் பிள்ளைக்கு விஷயம் தெரியாதது இல்லை, மொழி வராததும் இல்லை. காரணம் சொல்லும் எழுத்தை எப்படிக் கட்டுவது என்று அதற்கு யாரும் காட்டவில்லை. கதைக்கும் இதே கதிதான். 'ஒரு ஊரில்' என்று தொடங்கி 'நீதி' என்று முடிப்பதற்கு நடுவில் என்ன செய்ய வேண்டும் என்பதை நாம் பெரும்பாலும் பிள்ளையின் அதிர்ஷ்டத்துக்கே விட்டுவிடுகிறோம்.

பாடநூல்களில் எழுத்துப் பயிற்சி இல்லாமல் இல்லை. 2018க்குப் பிறகு வந்த தமிழ்ப் பாடநூல்களில் 'மொழியை ஆள்வோம்', 'மொழியோடு விளையாடு' என்று தனிப் பகுதிகளே இருக்கின்றன. பத்தாம் வகுப்பில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்ற அருமையான வாய்ப்பும் உண்டு. ஆனால் தேர்வு என்று வரும்போது 8 மதிப்பெண் கட்டுரைதான் எல்லாவற்றையும் தன் பக்கம் இழுக்கிறது. குறிப்புச் சட்டகம், உள்தலைப்பு, மேற்கோளாக ஒரு குறள் என்று அந்த அச்சு கீழ் வகுப்புகள் வரைக்கும் இறங்கி வந்துவிடுகிறது. இதற்காக ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு அந்த அச்சு ஒரு பாதுகாப்பு. கேள்வி எதுவானாலும் ஒரு பக்கம் நிரப்பிவிடலாம் என்ற தைரியத்தை அது தருகிறது. சிக்கல் என்னவென்றால், அந்த ஒரே அச்சில் கதையும் வார்க்கப்படுகிறது, விளக்கமும் வார்க்கப்படுகிறது. இரண்டும் அடிப்படையிலேயே வேறு வேறு எழுத்துகள்.

கதை ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு, ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்தது. அதன் வினைகள் இறந்த காலத்தில் நடக்கும்: வந்தான், பார்த்தாள், ஓடியது. விளக்கத்தில் ஆள் கிடையாது, நாளும் கிடையாது. எப்போதும் நடப்பதை அது சொல்கிறது. அதனால் 'ஆவியாகிறது' என்று நிகழ்காலத்திலோ, 'கரையும்', 'உருகும்' என்ற செய்யும் வாய்பாட்டிலோ அது பேசும். கதையில் ஒரு வாக்கியத்திலிருந்து அடுத்த வாக்கியத்துக்குப் போக 'அப்புறம்' போதும். விளக்கத்தில் 'அதனால்' வேண்டும். 'அப்புறம்' வரவேண்டிய இடத்தையும் 'அதனால்' வரவேண்டிய இடத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இந்தப் பிரிவினை எழுத்துக் கல்வியில் பெரிய விவாதமாக வந்தது 1980களில். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் டொனால்ட் கிரேவ்ஸ் என்பவர் பிள்ளைகள் எழுதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தார். தன் முடிவுகளை 1983இல் புத்தகமாக்கினார். பிள்ளையே தலைப்பைத் தேர்ந்தெடுக்கட்டும், ஒருமுறை எழுதியதைத் திருத்தி மறுபடி எழுதட்டும், ஆசிரியர் அதோடு உட்கார்ந்து பேசட்டும் என்பது அவர் வழி. எழுதுவது ஒரே மூச்சில் முடிகிற வேலை இல்லை என்பதை வகுப்பறைக்குள் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதே சமயத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஜே. ஆர். மார்ட்டின், ஜோன் ராதரி ஆகியோர் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் எழுதியவற்றைச் சேகரித்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் 'நான் போனேன், பார்த்தேன், வந்தேன்' வகை எழுத்தாகவே இருந்தது. காரணம் சொல்லும் எழுத்து மிகக் குறைவு. 'இஷ்டப்பட்டதை எழுது' என்று விட்டுவிட்டால், வீட்டில் செய்தித்தாளும் புத்தகமும் விவாதமும் இருக்கிற பிள்ளை தானாக விளக்க எழுத்துக்கு வந்துவிடும், மற்ற பிள்ளை அனுபவக் குறிப்பிலேயே நின்றுவிடும் என்று அவர்கள் வாதாடினார்கள். அறிவியல், வரலாறு, அலுவலகம், சட்டம் எல்லாம் பேசுவது விளக்க மொழியில்தான். அதை வெளிப்படையாகக் கற்றுக்கொடுக்காமல் விடுவது ஏழைப் பிள்ளைக்குச் செய்கிற அநீதி என்பது அவர்கள் கட்சி. அவர்கள் உருவாக்கிய வழி எளிது. முதலில் ஒரு நல்ல மாதிரியைப் பிரித்துப் பார்ப்பது, அப்புறம் ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து கரும்பலகையில் ஒன்றை எழுதுவது, அதன் பிறகே பிள்ளை தனியாக எழுதுவது. நம் வகுப்பறைகளில் இந்த நடுப்படிதான் இல்லை. மாதிரியைக் கொடுக்கிறோம், உடனே 'நீயே எழுது' என்கிறோம். பிள்ளை மாதிரியை மனப்பாடம் செய்துகொள்கிறது.

முதலில் கதையைப் பார்ப்போம்.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வகுப்பில் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: 'சாயங்காலம் பாத்தா ஆட்டுக்குட்டியக் காணோம் சார். கதவ நான்தான் தெறந்து போட்டேன். ஆயா திட்டும்னு சொல்லவே இல்ல. ராத்திரி எல்லாரும் தூங்குனப்புறம் டார்ச் எடுத்துக்கிட்டுப் போயித் தேடுனேன்.' கேட்கிறவருக்கு மேலே என்ன ஆயிற்று என்று தெரிந்தே ஆகவேண்டும். அதையே எழுதச் சொன்னால் வருவது இது: 'ஒரு ஊரில் ஒரு சிறுவன் இருந்தான். அவன் ஆட்டுக்குட்டி வளர்த்தான். ஒரு நாள் அது காணாமல் போனது. பிறகு கிடைத்தது. அனைவரும் மகிழ்ந்தனர். நீதி: பொய் சொல்லக் கூடாது.'

கதையின் உயிர் முழுக்க 'சொல்லவே இல்ல' என்ற இடத்தில் இருந்தது. எழுத்தில் காணாமல் போனது அந்த இடம்தான். நீதி முதலில் முடிவாகிவிட்டதால் பையன் கெட்டவனாகிவிட்டான், கெட்டவனின் பயத்தை எழுத யாருக்கும் தோன்றாது. ஆகவே தொடக்கத்தில் நீதியைக் கேட்காமல் இருப்பதே ஆசிரியர் செய்யக்கூடிய முதல் உதவி. அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகள் போதும்: இவனுக்கு என்ன வேண்டும்? குறுக்கே நிற்பது எது? குட்டி வேண்டும், ஆயாவுக்கும் தெரியக் கூடாது. இந்த இரண்டும் மோதுகிற இடத்தில் கதை தானாக நிமிர்ந்து உட்காரும்.

மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு, அதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்: இதில் எந்த நிமிஷத்தில் நாம் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறோம்? தமிழில் எழுதும் பிள்ளைக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் வருகிறது. நம் மொழியில் வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். 'டார்ச்சை எடுத்துக்கொண்டு, கொல்லைக்குப் போய், தேடிப் பார்த்து, கிடைக்காமல், திரும்பி வந்து படுத்துக்கொண்டான்.' இலக்கணப்படி குற்றமே இல்லை. ஆனால் ஒரு ராத்திரி முழுவதும் ஒரே வாக்கியத்தில் தீர்ந்துவிட்டது. இந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதி, எச்சங்களை முற்றுகளாக உடைக்கச் சொன்னால் வகுப்பே சேர்ந்து செய்யும். 'கொல்லைக் கதவை மெதுவாகத் தள்ளினான். கீல் கிறீச்சிட்டது. ஆயா புரண்டு படுத்தாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.' 'அவனுக்குப் பயமாக இருந்தது' என்று எங்கும் எழுதவில்லை. பயம் வந்துவிட்டது. எச்சத்தையும் முற்றையும் இலக்கணப் பாடத்தில் அடையாளம் காணச் சொல்வதைவிட, இப்படி ஒருமுறை கையில் எடுத்துப் பயன்படுத்தினால் பிள்ளைக்கு அது மறக்காது.

சிறுகதை சிறியதாக இருக்க, ஒரு சிக்கல், இரண்டு மூன்று பேர், ஒரு பொழுது என்று எல்லை போட்டுக்கொள்வது நல்லது. பிறந்ததிலிருந்து தொடங்கும் கதைகள் மூன்றாம் பக்கத்தில் களைத்துவிடும். முடிவில் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும். குட்டி கிடைக்காமலே போகலாம், ஆனால் பையன் விடியற்காலையில் ஆயாவை எழுப்பிச் சொல்லியிருப்பான். அதற்கு மேல் ஒரு வரி நீதி தேவைப்படாது. படத்தைப் பார்த்துக் கதை எழுதும் பயிற்சியில் பிள்ளைகள் படத்தில் உள்ளதை வர்ணித்துவிட்டு நின்றுவிடுவார்கள். அங்கே கேட்கவேண்டியது ஒன்றுதான்: இந்தப் படத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால் என்ன நடந்தது?

விளக்க எழுத்துக்கு வருவோம். தமிழில் பிள்ளைகளுக்கான விளக்க எழுத்துக்கு நல்ல மரபு உண்டு. பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை 10 தொகுதிகளாக வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் அதில் ஒரு மலை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் 1980களில் தொடங்கிய துளிர் இதழ், ஏன், எப்படி என்ற கேள்விகளுக்காகவே நடப்பது. அவற்றைப் பிள்ளைகள் வாசிப்பது ஒரு பக்கம், அதுபோலத் தாங்களே எழுதுவது இன்னொரு பக்கம். இரண்டாவதை நாம் கேட்டதே இல்லை.

முதல் மாற்றம் தலைப்பில் தொடங்க வேண்டும். 'மரம்', 'நீர்', 'காற்று' என்று பெயர்ச்சொல்லைத் தலைப்பாகக் கொடுத்தால் பிள்ளை புகழத் தொடங்கிவிடும். மரத்தின் பயன், மரத்தின் சிறப்பு, மரத்தைக் காப்போம். 'ஏன்', 'எப்படி' என்று கேள்வியாகக் கொடுத்தால் பதில் சொல்லியே ஆகவேண்டும். வேப்ப மரத்து நிழல் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். வகுப்பில் பேசவிட்டால் துண்டு துண்டாக நிறைய வரும்: 'இலை நெறைய இருக்கு', 'தகரம் சுடும்', 'மரத்துல தண்ணி இருக்கு', 'காத்து வரும்', 'வேம்பு மருந்து சார்'. எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிட வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றின் முன்னும் நின்று கேட்க வேண்டும்: இது நம் கேள்விக்குப் பதிலா? வேம்பு மருந்து என்பது உண்மை, ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. உண்மையான ஒன்றை, இங்கே தேவையில்லை என்று ஒதுக்கிவைக்கும் அந்த நிமிஷம் எழுத்துக் கல்வியில் மிகப் பெரிய நிமிஷம். பக்கம் நிரப்பப் பழகிய பிள்ளைக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கும்.

மிஞ்சியவற்றை அம்புக்குறியால் இணைத்துப் பார்த்தால் ஓட்டை தெரியும். 'மரத்துல தண்ணி இருக்கு' என்பதிலிருந்து 'குளிர்ச்சி' என்பதற்கு அம்பு போட முடியாது. நடுவில் என்னவோ விட்டுப்போகிறது. அதைத் தேடித்தான் அறிவியல் புத்தகத்தைத் திறக்க வேண்டும். தேவை வந்த பிறகு திறக்கும் புத்தகம் நன்றாகப் புரியும். கடைசியில் வகுப்பும் ஆசிரியரும் சேர்ந்து எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

'வெயில் படும்போது தகரம் சூடாகிறது. சூடான தகரம் அந்தச் சூட்டைக் கீழ்ப்பக்கமும் வீசுகிறது. அதனால் கொட்டகைக்குள் நிழல் இருந்தாலும் புழுக்கம் குறைவதில்லை. மரத்தில் அப்படி இல்லை. வேர் உறிஞ்சும் நீர் இலைக்கு ஏறி, இலையில் உள்ள நுண்துளைகள் வழியாக ஆவியாகிறது. நீர் ஆவியாக வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை அது இலையிடமிருந்தும் சுற்றியுள்ள காற்றிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அதனால் நாள் முழுக்க வெயிலில் நின்றாலும் இலை தகரம்போலச் சுடுவதில்லை.'

முன்னுரையும் இல்லை, முடிவுரையும் இல்லை. கேள்விக்குப் பதில் முடிந்தது, எழுத்தும் முடிந்தது. இந்தப் பத்தியில் 'சூடாகிறது', 'ஆவியாகிறது' என்று தன்வினைகள் எத்தனை வருகின்றன என்று பாருங்கள். வெயில் தகரத்தைச் சூடாக்குகிறது, தகரம் சூடாகிறது. உருகுவது வேறு, உருக்குவது வேறு. காரணச் சங்கிலியில் யார் செய்கிறார், எதற்கு நேர்கிறது என்பதைத் தமிழில் இந்த வேறுபாடுதான் தாங்குகிறது. தன்வினை, பிறவினையை இலக்கண வகுப்பில் நடத்துகிறோம், அறிவியல் வகுப்பில் அதன் பேச்சே எடுப்பதில்லை. அமெரிக்காவில் ஸ்டீவ் கிரஹாம், டோலரஸ் பெரின் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் தந்த அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. இலக்கணத்தைத் தனியாக நடத்துவதால் பிள்ளைகளின் எழுத்து மேம்படவில்லை. இரண்டு மூன்று சிறு வாக்கியங்களை இணைத்து ஒன்றாக்கும் பயிற்சி மேம்படுத்தியது. 'நீர் ஆவியாகிறது', 'இலை குளிர்கிறது' என்ற இரண்டையும் 'ஆவதால்', 'ஆகும்போது', 'ஆனாலும்' என்று மாற்றி மாற்றி இணைத்துப் பார்த்து, எது உண்மை, எது பொருந்தாது என்று பேசுவதற்கு ஒரு பாடவேளை போதும்.

எல்லா விளக்கமும் ஒரே சங்கிலி ஆகாது. 'நம்ம ஊர் ஏரி ஏன் வற்றிப்போச்சு?' என்று கேட்டால் ஒரு காரணம் இருக்காது. வரத்துக் கால்வாய் அடைபட்டிருக்கும், தூர் வாராமல் கிடந்திருக்கும், சுற்றிலும் ஆழ்துளைக் கிணறு பெருகியிருக்கும், மழையும் பொய்த்திருக்கும். இங்கே காரணங்களை வரிசை வைக்கவேண்டும், எது பெரிது என்று சொல்லவேண்டும், தாத்தாவிடமும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் கேட்டுவர வேண்டும். எட்டாம் வகுப்புக்கு மேல் இதுபோன்ற கேள்விகள்தான் கொடுக்கவேண்டும் என்பேன். தமிழாசிரியர் ஒருவரால் மட்டும் இது ஆகாது. விளக்க எழுத்து வாழும் இடம் அறிவியல், சமூக அறிவியல் வகுப்புகள். அங்கே நோட்ஸைப் பார்த்து எழுதும் இரண்டு மதிப்பெண் விடையாக அது சுருங்கிக் கிடக்கிறது.

எழுத்து ஏன் பிள்ளைக்கு இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதற்கு ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1934இலேயே ஒரு பதில் சொன்னார். பேசும்போது எதிரில் ஆள் இருக்கிறார். முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றலாம், 'அப்புறம்?' என்று அவர் கேட்பார். எழுதும்போது அந்த ஆள் இல்லை. குரலும் இல்லை, கேட்பவரும் இல்லை. அந்த ஆளைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் ஆசிரியரின் வேலையில் பெரும்பகுதி. பிரிட்டனில் ஜேம்ஸ் பிரிட்டனும் அவர் குழுவினரும் மேல்நிலைப் பள்ளிகளில் எழுதப்பட்ட சுமார் 2,000 எழுத்துகளைப் படித்து 1975இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதி எழுத்து ஆசிரியரைத் தேர்வாளராக மட்டுமே வைத்து எழுதப்பட்டிருந்தது. மதிப்பெண் போடுகிறவருக்கு ஏற்கனவே விடை தெரியும். தெரிந்தவருக்கு யார்தான் அக்கறையாக விளக்குவார்?

இதற்கு நான் அறிந்தவற்றில் அழகான விடை இத்தாலியின் பார்பியானா என்ற மலைக் கிராமத்தில் கிடைத்தது. லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் நடத்திய சின்னஞ்சிறு பள்ளி அது. வழக்கமான பள்ளிகளில் தோற்றுத் திரும்பிய விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களைத் தோற்கடித்த ஆசிரியைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார்கள். 1967இல் அது நூலானது. அதை எப்படி எழுதினோம் என்றும் அவர்களே அதில் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தோன்றியதைத் துண்டுத் தாளில், ஒரு தாளுக்கு ஒரு கருத்து என்று எழுதிவைப்பார்கள். ஒரு நாள் எல்லாத் தாள்களையும் பெரிய மேசையில் பரப்பி, ஒரே விஷயம் திரும்ப வருவதை எடுத்துவிட்டு, ஒன்றோடொன்று சேர்வதைக் குவியலாக்குவார்கள். குவியல் அத்தியாயமாகும். அதற்குள் சிறு குவியல் பத்தியாகும். அப்புறம் தேவையில்லாத சொல்லை வெட்டுவது, நீண்ட வாக்கியத்தை உடைப்பது. கடைசியில் வெளியாட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார்கள். அதிகம் படிக்காதவர்களாகப் பார்த்துக் கூப்பிடுவார்கள். நாம் சொல்ல நினைத்தது அவர்களுக்குப் புரிந்ததா என்பதுதான் சோதனை.

துண்டுத் தாளும் ஒரு மேசையும் எந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலும் இருக்கும். வேப்ப மர விளக்கத்தை ஐந்தாம் வகுப்பு எழுதி, மூன்றாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை 'ஆவியாகுதுன்னா?' என்று கேட்கும் இடத்தில் இன்னொரு வாக்கியம் தேவை. இதைச் சிவப்பு மையால் சொல்ல முடியாது. பள்ளிக் கல்வித் துறை 2022இல் தொடங்கிய ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களும் பிள்ளையின் எழுத்துக்கு முகம் தெரியாத வாசகரைத் தேடித் தரக்கூடியவை. வகுப்பறைச் சுவரில் ஒட்டும் கையெழுத்து இதழ்கூடப் போதும்.

பேச்சுத் தமிழை என்ன செய்வது என்ற கேள்வி ஒவ்வொரு வகுப்பிலும் வரும். முதல் எழுத்தில் அதை அப்படியே வரவிடுவதே சரி. பேசுகிற மொழியில் சிந்தித்து, எழுதுகிற மொழியில் திருத்துவதை ஒரே நேரத்தில் செய்யச் சொன்னால், பிள்ளை தனக்குப் பாதுகாப்பான ஐந்து வாக்கியங்களுக்குள் ஒடுங்கிவிடும். கதையில் உரையாடல் பேச்சாகவே இருக்கட்டும். ஆயா 'நீ எங்கு சென்றாய்?' என்று கேட்கமாட்டாள். கதை சொல்லும் பகுதியை இரண்டாம் முறை எழுதும்போது எழுத்து வழக்குக்குக் கொண்டுவரலாம். விளக்கத்தில் மாற்றம் இன்னும் முழுமையாக நடக்க வேண்டும், ஆனால் அங்கேயும் பேச்சுக்குப் பிறகுதான். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ இருளர் மொழியோ பேசும் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சு நேரம் இரண்டு மடங்கு தேவை.

பிழை திருத்தமும் அப்படித்தான். ல, ள, ழ குழப்பமும் ஒற்றுப் பிழையும் திருத்தப்படவேண்டியவை, சந்தேகமே இல்லை. எப்போது என்பதுதான் கேள்வி. முதல் எழுத்தில் பதினைந்து சிவப்பு வட்டங்களைப் பார்த்த பிள்ளை, அடுத்த முறை தனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களை மட்டும் எழுதும். 'கிறீச்சிட்டது' என்று எழுத வாய்ப்பே இல்லை. முதல் முறை, 'கதவைத் திறந்தப்போ என்ன சத்தம் கேட்டுச்சு?' என்பதுபோல உள்ளடக்கத்தைப் பற்றி ஒரு கேள்வியை மட்டும் ஓரத்தில் எழுதிக் கொடுக்கலாம். சுவரில் ஒட்டுவதற்கு முந்தைய கடைசி முறையில் பிழைகளைத் திருத்தலாம், அதையும் பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து.

நாற்பது பேர் இருக்கும் வகுப்பில், நாற்பது நிமிஷப் பாடவேளையில் இதெல்லாம் நடக்குமா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். எல்லோருடைய நோட்டையும் ஒரே நாளில் பார்க்க முடியாதுதான். ஆனால் வாரம் ஒரு கட்டுரை என்று கணக்குக் காட்டுவதை விட்டு, ஒரு பருவத்துக்கு இரண்டு கதை, இரண்டு விளக்கம் என்று குறைத்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை எழுதவைத்தால் நேரம் கிடைக்கும். பேச ஒரு வேளை, பலகையில் சேர்ந்து எழுத ஒன்று, தனியாக எழுத ஒன்று, ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்ட ஒன்று, திருத்தி எழுத ஒன்று. ஆசிரியர் ஒவ்வொரு வேளையும் எட்டுப் பிள்ளைகளின் பக்கத்தில் மட்டும் உட்கார்ந்தால்கூட, ஐந்து வேளை முடிவதற்குள் நாற்பது பேரிடமும் போய்விடுவார். அதற்குத் தலைமையாசிரியரும், நோட்டுகளைப் பார்வையிட வரும் அதிகாரிகளும் கட்டுரை எண்ணிக்கையைக் கேட்காமல், ஒரே கதையின் மூன்று வடிவங்களைக் காட்டச் சொல்லிக் கேட்கவேண்டும்.